சின்னக் குழந்தையோடு நெடுந்தூரக் கார் பயணம்: கொங்கு நாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் என்று எங்கிருந்து கிளம்பினாலும் சரி, ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தையைக் காரில் கூட்டிக்கொண்டு 300, 400 கிலோமீட்டர் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குலதெய்வம் கோயில், திருச்செந்தூர், சென்னையில் ஒரு கல்யாணம், பெங்களூரில் தம்பி வீடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தெரிந்தவர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறவை இவை. குழந்தை இருக்கை பற்றிய பதில் கொஞ்சம் நீளம். வேறெதையும் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் அதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒரே நாளில் எவ்வளவு தூரம் போகலாமுங்க?

என் கணக்கு 250 கிலோமீட்டர், அல்லது வண்டி ஓடும் நேரம் ஐந்து மணி. அதற்கு மேல் இழுத்தால் குழந்தையும் தாங்காது, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவரும் தாங்கமாட்டார்.

கோவையிலிருந்து பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் போக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் ஏழெட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். சின்னக் குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, இருக்கையிலிருந்து இறக்கி, காலாற நடக்கவிட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரை மணி நேரம் போய்விடும். அதோடு சாப்பாடு, துணி மாற்றல். பதினொரு மணி நேரம் ஆகிவிட்டது பாருங்கள். அதனால் முதல் நாள் மதுரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திருச்செந்தூர்.

சென்னைக்கு என்றால் கோவையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும். அங்கே போய்ச் சொந்தக் கார் தேவைப்படாது என்றால் சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்துவிடுங்கள். கார் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்கு எது சுகமோ அதுதான் முக்கியம்.

ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினால் குழந்தை தூங்கிக்கிட்டே வந்துருமே?

குழந்தை தூங்கும், சரி. ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வருமே. நள்ளிரவு தாண்டி விடியும் வரைக்கும் உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிற நேரம். பகலெல்லாம் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்துவிட்டு, பெட்டி கட்டி முடித்து, இரண்டு மணி நேரம் மட்டும் கண் அசந்து எழுந்தவர் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது.

ஓட்டுகிறவர் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துவிடட்டும். பெட்டி கட்டுகிற வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் குழந்தையும் அரைத் தூக்கத்தில் ஒன்றரை மணி நேரம் வரும், வெயிலுக்கு முன்னால் நல்ல தூரமும் போயிருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டிலிருந்து நான்கு மணி வரைக்கும் இதே தூக்கக் கலக்கம் வரும். இரண்டு பேருக்கு ஓட்டத் தெரியும் என்றால் அந்த நேரத்தில் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மடியிலேயே வெச்சுக்கலாமே, குழந்தைக்குத் தனி சீட் எதுக்குங்க?

நம் வீடுகளில் குழந்தை என்றாலே மடிதான். அப்பத்தா மடி, அம்முச்சி மடி, அது தூங்கிப்போனால் அம்மாவின் தோள். அன்பில் குறையே இல்லை. ஆனால் ஓடுகிற வண்டியில் அந்த அன்பால் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். எதிரே எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வண்டி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் 10 கிலோ குழந்தை 140 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். யார் கையிலும் அது நிற்காது. பெல்ட் போடாத பெரியவர் மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம். முன் சீட்டுக்கும் பெரியவரின் உடம்புக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். ஒரே பெல்ட்டைப் பெரியவரையும் மடியில் இருக்கும் குழந்தையையும் சேர்த்துப் போட்டாலும் இதே ஆபத்துதான். இந்தக் கணக்கு வெறும் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு. அவிநாசிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் யாரும் 50-ல் போவதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான இருக்கையோ இல்லாமல் வந்தால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து வாங்க வேண்டாம். மேலே சொன்ன 140 கிலோவை நினைத்து வாங்குங்கள்.

எந்த மாதிரி வாங்குவது, எப்படி மாட்டுவது?

குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றது வேண்டும். பெட்டியிலோ இருக்கையின் ஒட்டுச்சீட்டிலோ ஏ.ஐ.எஸ். 072 என்ற இந்தியத் தரம், அல்லது ஆர்44, ஆர்129 என்ற ஐரோப்பியத் தரம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் காரின் பின் சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தை இருக்கையை நேராகக் காரோடு பூட்டுகிற உலோக வளையங்கள்) இருந்தால் மாட்டுவது சுலபம். இல்லாவிட்டால் காரின் பெல்ட்டாலேயே கட்டுகிற வகை வாங்கலாம். விபத்தில் சிக்கிய காரில் இருந்த இருக்கையை யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி மாட்டுவதுதான் சின்ன வயதில் பாதுகாப்பு. தலை பெரிது, கழுத்து இளசு. மோதும்போது முதுகும் தலையும் சேர்ந்து இருக்கையில் அழுந்தினால் கழுத்துக்கு இழுப்பு குறையும். இரண்டு வயது வரையிலாவது அப்படியே வையுங்கள். அதற்கு மேலும் இருக்கை தாங்கும் எடை வரைக்கும் வைக்கலாம். கால் மடங்கி இருக்கிறதே என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். குழந்தைக்கு அது ஒன்றும் செய்யாது, அவர்கள் வீட்டில் உட்காருவதே அப்படித்தானே. ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் இப்படிப் பின்பார்த்து மாட்டவே கூடாது. ஏர்பேக் விரிகிற வேகம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

மாட்டிய பிறகு, பெல்ட் போகிற இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையை உட்கார வைத்துப் பட்டையை இழுத்ததும், தோள் எலும்புக்கு மேல் அந்தப் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலில் அகப்பட்டால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் இழுக்க வேண்டும். விரல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. ஊட்டி போகும்போது போடுகிற தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பட்டை போடுங்கள், அப்புறம் மேலே சால்வையைப் போர்த்தலாம்.

சீட்டில் உட்கார வைத்தாலே அழுகிறான். என்ன செய்வது?

பயணத்தன்று காலையில் முதல்முறையாக உட்கார வைத்தால் அழத்தான் செய்வான். இரண்டு மூன்று வாரம் முன்னாடியே வாங்கி, சில நாள் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். அதில் ஏறி இறங்கி விளையாடட்டும். அப்புறம் காரில் மாட்டி, சந்தைக்கு, அம்முச்சி வீட்டுக்கு என்று பக்கத்து இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். பிடித்த பொம்மை ஒன்றை அந்த இருக்கைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள்.

ஓடும்போது அழுகிறான் என்று ஒருமுறை கழற்றி மடியில் வைத்துவிட்டால் அடுத்தமுறை இன்னும் உரக்க அழுவான். அழுகை நிற்கவில்லை என்றால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். இறக்குங்கள், தூக்கிக்கொண்டு நடங்கள், தண்ணீர் கொடுங்கள். பட்டை எங்காவது அழுத்துகிறதா, துணி நனைந்திருக்கிறதா, முகத்தில் வெயில் அடிக்கிறதா என்று பாருங்கள். சமாதானம் ஆன பிறகு மறுபடி உட்கார வையுங்கள்.

மாமனார், மாமியார் ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க.

சண்டை வேண்டாம். “டாக்டர் சொல்லிட்டாருங்க மாமா” என்று சொன்னால் பாதி வீடுகளில் வேலை முடிந்துவிடும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேலையும் கொடுத்துவிடுங்கள். அப்பத்தா பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்துகொண்டு கதை சொல்லட்டும், அப்பாரு நிறுத்துகிற இடத்தில் பேரனைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகட்டும். குழந்தையைத் தங்களிடமிருந்து பிரிக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது, அதுதான் மனத்தாங்கலுக்குக் காரணம்.

ஐந்து பேர் காரில் ஏழு பேர் போகிற பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். ஆள் அதிகம் என்றால் பெரிய வண்டி பிடிப்பதுதான் வழி.

வாடகைக் கார் எடுத்தால்?

உங்கள் குழந்தை இருக்கையை நீங்களே கொண்டு போக வேண்டும். வண்டி பேசும்போதே “பின் சீட்டில் பெல்ட் இருக்குங்களா, பக்கிள் வெளியே தெரியுதுங்களா” என்று கேட்டுவிடுங்கள். பல வண்டிகளில் பெல்ட்டின் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவரைத் தூக்கி, கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்து, மாட்டினால் ‘க்ளிக்’ என்று பூட்டுகிறதா, இழுத்தால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்புகிற காலையில் வாசலில் நின்று இதைச் செய்ய நேரம் இருக்காது, முந்தின நாளே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு என்ன பண்றதுங்க?

சித்திரை, வைகாசியில் கரூர், ஈரோடு, சேலம் பக்கம் மதிய நேரத்தைச் சாலையில் கழிக்காதீர்கள். பதினொரு மணிக்கு எங்காவது ஒதுங்கி, மூன்றரை மணிக்கு மேல் கிளம்புங்கள். வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியில் குழந்தையை ஏற்றும் முன் பட்டையின் உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள், தோலைச் சுட்டுவிடும்.

“ஒரு நிமிஷம்தான், டீ வாங்கிட்டு வந்துடறேன்” என்று குழந்தையை வண்டிக்குள் விட்டுப் போகவே கூடாது. தூங்கினாலும் சரி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் சரி. மூடிய காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும், குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துக்கொள்வது?

வீட்டில் தினமும் சாப்பிடுவதையே கொடுங்கள், புதுசாக எதையும் பயணத்தில் முயற்சி செய்ய வேண்டாம். காலைக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி இல்லாமல். சட்னி சீக்கிரம் கெட்டுவிடும், நெய்யோ ஊத்துக்குளி வெண்ணெயோ தொட்டுக்கொடுக்கலாம். சந்தகை (அரிசி சேவை) கொண்டுபோனால் சின்னதாக உதிர்த்துக் கொடுங்கள், நீளமாக இருந்தால் தொண்டையில் நிற்கும். அரிசிம்பருப்பு சாதம் குழந்தைக்கு எப்போதும் இறங்கும். குழைய வடித்து ஹாட்பேக்கில் எடுத்துப் போகலாம், ஆனால் காலையில் செய்ததை மதியத்தோடு முடித்துவிட வேண்டும். சாதம் வெதுவெதுப்பாகவே நெடுநேரம் இருந்தால் கிருமி பெருகும், மறுபடி சூடு பண்ணினாலும் அதன் நஞ்சு போகாது. வாழைப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள், உரித்த உடனே சுத்தமாகக் கொடுக்க அதைவிட வசதியானது கிடையாது.

கடலை மிட்டாய், வறுத்த கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை இவற்றை ஓடுகிற வண்டியில் கொடுக்கவே கூடாது. பின் சீட்டில் இருமல் வருகிறதா, மூச்சு அடைக்கிறதா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முடிந்த மட்டும் எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்திவைத்தே கொடுங்கள்.

பொள்ளாச்சி, உடுமலை சாலைகளில் இளநீர் தாராளமாகக் கிடைக்கும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கண் முன்னால் வெட்டி, உங்கள் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கலாம்.

பாலுக்கு?

தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு நிறுத்திவிட்டுப் பால் கொடுங்கள், ஓடும்போது இருக்கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. தாராபுரம், திண்டுக்கல் மாதிரி ஊர்களைக் கடக்கும்போது விசாரித்துப் பாருங்கள். பவுடர் பால் என்றால் கொதித்த நீரை ஃபிளாஸ்கிலும், அளந்த பவுடரைத் தனி டப்பாக்களிலும் வைத்துக்கொண்டு அவ்வப்போது கலக்குங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள்.

மலைப்பாதையில் வாந்தி எடுக்குமா?

இரண்டு வயதுக்குள் இது அவ்வளவாக வராது. இரண்டு வயதுக்கு மேல்தான் ஆரம்பிக்கும். வளைவில் திரும்பும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைவதாகச் சொல்லும், எதிரே இருக்கும் சீட்டையே பார்க்கிற கண் அசையவில்லை என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல்.

மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். வெறும் வயிறும் கூடாது, பால் குடித்த கையோடு ஏறவும் கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. குழந்தையோடு முதல்முறை மலை ஏறுகிறவர்கள் ஏற்காட்டில் ஆரம்பியுங்கள், கொல்லிமலையைப் பையன் பள்ளிக்கூடம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெதுவாக, ஒரே சீராக ஓட்டுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் காற்று வரவிடுங்கள். போனைக் கையில் கொடுக்க வேண்டாம், குனிந்து பார்த்தால் குமட்டல் கூடும்.

குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்தி, முகம் வெளுத்து, எச்சில் விழுங்க ஆரம்பித்தால் வாந்திக்கு அறிகுறி. டவலும் கவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். புரோமெத்தசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாதது.

பெங்களூருக்குத் திம்பம் வழி குறுக்கு வழியாச்சே?

சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழி அழகான வழி, சந்தேகமே இல்லை. ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கார்களுக்கு ராத்திரி 9 மணி முதல் காலை 6 வரை. ஆசனூர், காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டுக்கு வந்து நிற்கும். டயபர் மாற்றவோ, பிள்ளையை நடக்கவிடவோ காட்டுக்குள் நிறுத்த முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே, சின்னக் குழந்தை இருந்தால் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போங்கள் என்பேன். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நல்ல இடைவெளி விட்டு, முந்தாமல் வாருங்கள்.

ஊட்டிக்கு என்றால் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள்.

போன் கொடுக்காமல் எப்படிப் பொழுது போக்குவது?

வெளியே பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பல்லடம் தாண்டினால் உடுமலை, தாராபுரம் வரைக்கும் காத்தாடி, அதாவது காற்றாலை. ஆடி மாதக் காற்றில் அத்தனையும் சுற்றும். சங்ககிரி பக்கம் லாரிகளை எண்ணலாம், குமாரபாளையத்தில் காவிரிப் பாலம். “அந்தக் காத்தாடி சுத்துதா, நிக்குதா சாமி?” என்று ஒரு கேள்வி போட்டால் பதினைந்து நிமிடம் ஓடும். பொம்மைகளை மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். கடைசி அரை மணி நேரம் எதற்கும் மசியவில்லை என்றால் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுங்கள், அதில் தப்பே இல்லை.

எங்கே நிறுத்துவது?

நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், இதுதான் முக்கியம். சேலம், கோவை சாலையில் வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. அங்கேயும் பெட்ரோல் பங்குகளிலும் கழிப்பறை இருக்கும். அதைவிட ஊருக்குள் கொஞ்சம் திரும்பி, மதில் உள்ள கோயில் வளாகத்தில் குழந்தையை ஓடவிடுவது எனக்குப் பிடிக்கும். கையில் ஒரு பழைய பெட்ஷீட், ஈரத்துணி, மாற்றுத்துணி, டயபரைச் சுற்றிப் போட ஒரு பை. அந்தப் பையைக் குப்பைத்தொட்டி வரும் வரைக்கும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

மருந்துப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

தெர்மாமீட்டர், குழந்தையின் எடைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பஞ்சு, பேண்டேஜ். ஓ.ஆர்.எஸ்.ஸை உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில் மட்டும் கலக்க வேண்டும். கடையில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் அதற்கு மாற்று ஆகாது. வாந்தி நிற்காமல் போனாலோ, ஆறு எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ பயணத்தை அங்கேயே நிறுத்தி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. அன்றைக்கே திரும்பிவிடலாமா?

வேண்டாமுங்க. சொந்தபந்தம், கூட்டம், அழுகை, காதில் வலி எல்லாம் சேர்ந்து குழந்தை களைத்துப் போயிருக்கும். அதன் பிறகு நாலு மணி நேரம் பட்டை போட்டு உட்கார வைப்பது பாவம். கோயில் பக்கத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை கிளம்புங்கள். மழித்த தலைக்கு மெல்லிய பருத்தித் தொப்பி போடுங்கள், ஏ.சி. காற்று நேராகத் தலையில் அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

தங்கும் இடத்தில் தூங்கவே மாட்டேன் என்கிறாள்.

வீட்டில் தொட்டில் கட்டுகிற அதே சேலையைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், அதன் வாசனைக்கே பாதி சமாதானம் ஆகிவிடுவாள். ஆனால் லாட்ஜ் அறையின் கொக்கியை நம்பித் தொட்டில் கட்ட வேண்டாம், அது எவ்வளவு எடை தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. மெத்தையைத் தரையில் இறக்கி, மேலே அந்தச் சேலையை விரித்து, குழந்தையை நடுவில் படுக்க வையுங்கள். பால்கனிக் கதவு, பிளக் பாயின்ட், வெந்நீர்க் குழாய் மூன்றையும் அறைக்குள் நுழைந்ததும் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு பெட்டியைப் பிரிக்கலாம்.